காற்றாலையின் பேரிங் இருபது ஆண்டுக்கு முன்பே ஏன் போகிறது?

கேள்வி இதுதான்: "எங்கள் நூற்பாலைக்கு உடுமலைப் பக்கம் 2 மெகாவாட் காற்றாலை ஒன்று இருக்கிறது. ஒன்பதாவது ஆண்டிலேயே மெயின் பேரிங் போய்விட்டது, இறக்கைகளோடு ரோட்டரை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்கிறார்கள். 20 ஆண்டு வரும் என்றுதானே விற்றார்கள்? வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கிற மெஷின். கிரீஸ் சரியாக அடிக்கவில்லையா? இனி இரண்டு மடங்கு அடிக்கச் சொன்னால் போதுமா?"

இரண்டு மடங்கு அடிக்கச் சொல்லாதீர்கள். அதில் வரும் கெடுதலைப் பிறகு சொல்கிறேன். "சும்மா நிற்கிற மெஷின்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. வேகமாக, சீராக, சுமையோடு ஓடும் பேரிங் நெடுநாள் உழைக்கும். மெதுவாகச் சுற்றுவது, சுற்றாமல் நின்று நடுங்குவது, ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தப்படுவது, இந்த மூன்றும்தான் அதைத் தின்கின்றன. காற்றாலை என்பது இந்த மூன்றையும் ஒரே கோபுரத்தின் உச்சியில் ஏற்றி வைத்த இயந்திரம்.

முதலில் ஒரு கணக்கு. மெயின் பேரிங் தாங்கும் மெயின் ஷாஃப்ட், அதாவது இறக்கைகளோடு சுற்றும் பெரிய தண்டு, நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டு ஒரு நிமிடம்கூட நிற்காமல் சுற்றினாலும் மொத்தம் 15.8 கோடி சுற்றுதான் வரும். 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வாடகைக் காரின் சக்கர பேரிங்கும் ஏறக்குறைய அவ்வளவு சுற்றியிருக்கும். அதே காற்றாலையில் வேகத்தைக் கூட்டும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் 1,500 சுற்று வேகத்தில் ஓடும் ஜெனரேட்டர் பேரிங் இதைப் போல நூறு மடங்கு சுற்றுகிறது. எண்ணிக்கைதான் ஆயுளைத் தீர்மானிக்கும் என்றால் மெயின் பேரிங் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் போக வேண்டும்.

அந்த 20 ஆண்டு எங்கிருந்து வந்தது? 1947-ல் லுண்ட்பெரி, பால்ம்கிரென் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள் கொடுத்த ஆயுள் சூத்திரம்தான் அதன் அடிப்படை. இன்று ஐஎஸ்ஓ 281 என்ற சர்வதேசத் தரநிலையில் இருப்பதும் அதன் வழிவந்ததுதான். ஒரே மாதிரியான நூறு பேரிங்குகளை ஒரே சுமையில் ஓட்டினால், உலோகம் சோர்ந்து அவற்றில் பத்து உரியத் தொடங்கும்வரை எவ்வளவு சுற்றும் என்று அது சொல்கிறது. இதை எல்10 ஆயுள் என்பார்கள். ரோலர் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் இந்த ஆயுள் பத்தில் ஒரு பங்காகிவிடும். எண்ணெயின் நிலைக்கும் தூசிக்கும் பிற்பாடு திருத்தங்கள் சேர்த்தார்கள். ஆனாலும் அதன் உயிர்நாடி உலோகச் சோர்வுதான். காற்றாலையில் பேரிங் அந்த நேர்வழியில் சாவது குறைவு. கணக்குப் போட்டவர் தப்பாகப் போடவில்லை. கணக்கில் இல்லாத வழியில் பேரிங் போகிறது.

அந்த வழி எது என்று பார்க்க, ரோலருக்கும் அது உருளும் உருக்கு வளையத்துக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தைப் பார்க்க வேண்டும். இரண்டும் தொடும் இடத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல பத்தாயிரம் மடங்கைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் எண்ணெயாகவே இருப்பதில்லை. கெட்டிப்பட்டு ஒரு கணம் திடப்பொருள் போல நடந்துகொள்கிறது. உருக்கே கொஞ்சம் அமுங்கி அதற்கு இடம் கொடுக்கிறது. படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக மெருகேற்றிய வளையத்தின் பரப்பிலேயே மைக்ரானில் சில பத்தில் பங்கு உயரத்துக்கு மேடுபள்ளம் உண்டு. படலம் அந்த மேடுகளைப் போல மூன்று மடங்கு இருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடாது. மேடுகளின் அளவுக்கும் கீழே போனால் உரசல்தான்.

இந்தப் படலத்தின் தடிமனை எது தீர்மானிக்கிறது என்பதை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் டங்கன் டௌசனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1950-களின் கடைசியிலிருந்து 1970-கள் வரை சூத்திரமாக்கினார்கள். அதில் புதிதாகப் படிப்பவர்கள் நம்ப மறுக்கும் ஒரு முடிவு இருக்கிறது. சுமையை இரண்டு மடங்காக்கினால் படலம் ஏறக்குறைய 5 சதவீதம்தான் மெலிகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் 37 சதவீதம் மெலிந்துவிடுகிறது. எண்ணெயின் பிசுக்குத்தன்மை பாதியானாலும் ஏறத்தாழ அதே கதி. பாரம் அதிகமாகி எண்ணெய் பிதுங்கிப் போய்விட்டது என்று பணிமனைகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது அப்படி நடப்பதில்லை. எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டு போகும் அளவுக்கு ரோலர் வேகமாகச் சுற்றவில்லை, அவ்வளவுதான்.

15 சுற்றில் ஓடும் மெயின் பேரிங்குக்கு வேகம் இல்லை. ஆகவே பிசுக்கால் ஈடுகட்டுகிறார்கள். அதற்குப் போடும் கிரீஸில் உள்ள எண்ணெய் பெரும்பாலும் 460 தரத்தில் இருக்கும். அதாவது 40 டிகிரியில் அதன் பிசுக்கு 460 சென்டிஸ்டோக்ஸ் (பிசுக்கை அளக்கும் அலகு), தேன் போல. கியர்பாக்ஸில் ஊற்றுவது 320 தரத்துச் செயற்கை எண்ணெய். 1,500 சுற்று ஜெனரேட்டருக்கு இதைவிட இளகலான எண்ணெயில் செய்த கிரீஸ். இந்த வேறுபாடு தெரியாமல் "நல்ல கிரீஸ்" ஒன்றையே எல்லா நிப்பிளிலும் (கிரீஸ் அடிக்கும் வாய்) அடிக்கிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இன்னொன்று, சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும். 40 டிகிரியில் 320 காட்டும் எண்ணெய் 100 டிகிரியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் நிற்கும். சித்திரை வெயிலில் கோபுர உச்சியில் இருக்கும் இயந்திரப் பெட்டியான நாசெல் உள்ளே நின்றவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி உங்கள் மெயின் பேரிங். அந்த வயதும் அளவும் உள்ள மெஷின்களில் பெரும்பாலும் முன்னால் ஒரே ஒரு இரட்டை வரிசை ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங் (பீப்பாய் வடிவ ரோலர் கொண்டது), பின்னால் கியர்பாக்ஸின் இரண்டு தாங்கு கைகள் என்று மூன்று புள்ளியில் ஷாஃப்ட்டைத் தாங்கியிருப்பார்கள். உங்களுடையதும் அந்த வகையாக இருந்தால், காரணத்தைத் தேட வேண்டிய முதல் இடம் அந்த இரண்டு வரிசைகள்.

காற்று ரோட்டரைச் சுழற்றுவதோடு பின்னால் தள்ளவும் செய்கிறது. அந்தத் தள்ளலை கியர்பாக்ஸ் பக்கத்து ரோலர் வரிசை மட்டுமே வாங்குகிறது. இறக்கைப் பக்கத்து வரிசை ஏறக்குறைய வேலையில்லாமல் தளர்ந்து நிற்கிறது. வேலையில்லாத ரோலர்கள் உருள்வதற்குப் பதில் வழுக்கும். வேலை செய்யும் வரிசையிலும் சிக்கல் உண்டு. ரோலர் பீப்பாய் போல வளைந்தது என்பதால் அதன் நடுவும் ஓரமும் ஒரே வேகத்தில் போவதில்லை. இரண்டே இரண்டு கோடுகளில்தான் சுத்தமான உருளல்; மற்ற இடமெல்லாம் நுண்ணிய வழுக்கல். படலம் தடிமனாக இருந்தால் இது பொருட்டே இல்லை. மெல்லிய படலத்தில் இந்த வழுக்கல் பரப்பை அரிக்கிறது. முதலில் வளையத்தில் சாம்பல் நிறத் திட்டுகள் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் அவை மைக்ரான் கணக்கிலான குழிகள். குழிகள் பெருகிப் பெருகி வளையத்தின் வளைவே மாறும். வளைவு மாறியதும் சுமை ஓரங்களில் போய்க் குவியும். அங்கிருந்துதான் செதில் செதிலாகப் பெயரத் தொடங்கும். பெயர்ந்த பிறகு பார்ப்பவர் "ஓவர்லோடு" என்று எழுதிவிட்டுப் போவார். தொடக்கம் ஓவர்லோடு இல்லை, தேய்மானம். புதிய வடிவமைப்புகளில் பலர் கூம்பு வடிவ ரோலர் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங்குகளை முன்சுமை கொடுத்து, அதாவது மாட்டும்போதே சுமை ஏற்றி, இறுக்கிப் போடுவதற்கு இதுதான் காரணம். இரண்டு வரிசையும் எப்போதும் வேலையில் இருக்கும்.

இப்போது கிரீஸ். அதில் பெரும்பகுதி எண்ணெய்தான். சோப்பு போன்ற ஒரு கெட்டிப்பான் அந்த எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. கியர்பாக்ஸ் எண்ணெய் நாள் முழுவதும் வடிகட்டி வழியாகச் சுற்றி வருகிறது. கிரீஸுக்கு வடிகட்டி கிடையாது. ஒருமுறை பெயர்ந்த இரும்புத்தூள் அங்கேயே இருந்து, அதே இடத்தை மறுபடி மறுபடி அரைக்கும். எனவே மெயின் பேரிங்கில் புதுக் கிரீஸ் உள்ளே போவது எவ்வளவு முக்கியமோ, பழைய கிரீஸ் வெளியே வருவதும் அவ்வளவு முக்கியம். வெளிவழி அடைத்திருக்கும்போது இரண்டு மடங்கு அடித்தால், அது சீலைத் தள்ளிக்கொண்டு வரும். பிறகு அதே இடைவெளியில் மழையும் மண்ணும் உள்ளே போகும். ஜெனரேட்டரில் இன்னும் மோசம். மிதமிஞ்சிய கிரீஸ் அந்த வேகத்தில் கடையப்பட்டுச் சூடேறும், எண்ணெய் பிரிந்து ஓடும், சில சமயம் ஜெனரேட்டரின் கம்பிச் சுருளான வைண்டிங் வரை போய் ஒட்டும்.

தானியங்கி கிரீஸ் பம்ப் இருக்கிறது, அதனால் கவலையில்லை என்று சொல்வார்கள். அதில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் தொட்டியில் எவ்வளவு குறைந்திருக்கிறது? விளக்கு எரிவதும் மோட்டார் சுற்றுவதும் கிரீஸ் போனதற்குச் சாட்சி இல்லை. நீண்ட குழாய்களில் எண்ணெய் பிரிந்துபோய் கெட்டிப்பான் மட்டும் அடைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கும். தொட்டி மட்டம் இறங்கவில்லை என்றால் பேரிங் பட்டினி கிடக்கிறது.

பிராண்டை மாற்றும்போதும் கவனம் வேண்டும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸின் மேல் பாலியூரியா கிரீஸை அடித்தால் பல சமயம் இரண்டும் சேர்ந்து தண்ணீராக இளகும், அல்லது கல்லாக இறுகும். நிறம் ஒன்றாக இருப்பதில் எந்த அர்த்தமும் இல்லை. நிறம் வெறும் சாயம். பராமரிப்பு ஒப்பந்தம் கைமாறிய ஆண்டில் எந்தக் கிரீஸிலிருந்து எந்தக் கிரீஸுக்கு மாறினார்கள் என்று பழைய பதிவேட்டில் தேடிப் பாருங்கள். ஒன்பது ஆண்டில் உங்களுக்கு ஒருமுறையாவது மாறியிருக்கும்.

நிற்கும் காலத்துக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வைகாசியில் தொடங்கிப் புரட்டாசியோடு அடங்கிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் அப்படித்தான். மீதி மாதங்களில் மெஷின் பெரும்பாலும் நிற்கும், ஆனால் அசையாமல் நிற்காது. இறக்கையில் காற்று மோதிக்கொண்டே இருக்கும். பிரேக் போட்டுப் பூட்டியிருந்தால் கியர் பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்குள் ரோட்டரிலிருந்து வரும் முழுத் தொடரும் முன்னும் பின்னும் இம்மி இம்மியாக ஆடும். ரோலர் ஒரே இடத்தில் மைக்ரான் கணக்கில் ஆடி ஆடித் தனக்கடியில் இருக்கும் எண்ணெயை வெளியேற்றிவிடும். புது எண்ணெய் வந்து சேர அது உருண்டு நகர வேண்டும், நகர்வதில்லை. வளையத்தில் ரோலர்களின் இடைவெளிக்குச் சரியாக வரிசையாகத் தழும்புகள் விழும். 1930-களில் அமெரிக்காவில் புதுக் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பியபோது, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத அந்தக் கார்களின் சக்கர பேரிங்குகள் இதே தழும்போடு போய் இறங்கின. ஓடாத பேரிங் தேயும் என்பதைத் தொழில்துறை அங்கேதான் பாடமாகக் கற்றது. அதனால்தான் காற்று குறைந்த நாட்களில் இறக்கைகளைக் காற்றுக்கு ஓரமாகத் திருப்பிவிட்டு, ரோட்டரைப் பூட்டாமல் மெல்லச் சுற்ற விடுகிறார்கள். கீழே நின்று பார்ப்பவர்கள் "வேலை செய்யாமல் சுற்றுகிறதே" என்பார்கள். அந்த வெட்டிச் சுற்றல்தான் அதற்கு வைத்தியம்.

இந்த நோய் மிக மோசமாகத் தாக்கும் இடம் மெயின் பேரிங்கைவிடப் பிட்ச் பேரிங். இறக்கை, நடுக்குடமான ஹப்பில் சேரும் இடத்தில் இருக்கும் பெரிய வளையம் அது. 20 ஆண்டில் ஒரு முழுச் சுற்றுகூட அது சுற்றாது. 0-வுக்கும் 90 டிகிரிக்கும் நடுவேதான் அதன் உலகம். பெரும்பாலும் ஓரிரு டிகிரிக்குள் ஆடிக்கொண்டிருக்கும். சீலின் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் கிரீஸ் கசிந்தால் உள்ளே இரும்பு துருத்தூளாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அவ்வப்போது இறக்கையைப் பெரிய கோணத்துக்கு ஒருமுறை திருப்பிக் கொண்டுவந்தால் கிரீஸ் மறுபடி பரவும். கட்டுப்பாட்டு மென்பொருளிலேயே இதைச் சேர்க்கலாம். ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் முழு அளவுப் பிட்ச் பேரிங்குகளையே சோதனை மேடையில் ஏற்றி ஆட்டிப் பார்க்கிறது. சின்ன பேரிங்கில் செய்த சோதனை இந்தப் பெரிய, வளைந்துகொடுக்கும் வளையத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

கியர்பாக்ஸ் தனிக் கதை. நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், அடுத்த செலவு அங்கிருந்துதான் வரும். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2007-ல் கியர்பாக்ஸ் நம்பகத்தன்மைக்கென்று ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் பழுதுப் பதிவுகளில் பல்சக்கரத்தைவிட பேரிங்கே பெரிய குற்றவாளி. பழுதுகளில் ஏறத்தாழ முக்கால்வாசி பேரிங்கில். அவற்றில் ஆராய்ச்சியாளர்களை அதிகம் திணறடித்தது வெள்ளை விரிசல். போன பேரிங்கை வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் விரிசலின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். அங்கே உருக்கின் அமைப்பே நானோ அளவுத் துகள்களாக நொறுங்கி மாறியிருக்கும். கணக்கிட்ட ஆயுளில் 5 முதல் 20 சதவீதத்திலேயே இப்படிப் போய்விடுகின்றன. ரோலர் வழுக்குவது, பேரிங் வழியாகக் கசியும் மின்சாரம், எண்ணெய் சிதைந்து வரும் ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுவது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. சிகாகோ அருகேயுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் எண்ணெயின் வகையையும் வழுக்கலின் அளவையும் மாற்றி மேசை மேலேயே இந்த விரிசலை உண்டாக்கிக் காட்டினார்கள். கியர் பல்லைக் காக்க எண்ணெயில் சேர்த்த ரசாயனம் பேரிங்குக்குக் கேடாகலாம் என்பது என் பார்வையில் இந்தத் துறையின் மிகப் பெரிய முரண். பேரிங்குக்குக் கருப்பு ஆக்சைடு பூச்சு கொடுப்பதும், மேற்பரப்பில் மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய உருக்குக்கு மாறுவதும் நடைமுறையில் பலன் தந்திருக்கின்றன. சில புதிய கியர்பாக்ஸ்களில் ரோலரையே எடுத்துவிட்டு, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும் புஷ் வகை பேரிங்குக்குப் போய்விட்டார்கள்.

நம் ஊரில் இதோடு சேர்வது மின்தொகுப்புத் தடை. ஆடி மாதம் முழு உற்பத்தியில் ஓடும்போது லைன் அறுந்தால் ஜெனரேட்டரின் எதிர்ப்பு ஒரு கணத்தில் மறைந்துவிடும். உடனே பிரேக் பிடிக்கும். பேரிங்கில் சுமை இருந்த பக்கம் காலியாகி, காலியாக இருந்த பக்கத்தில் ரோலர்கள் போய் அறையும். நிறுத்தங்களின் எண்ணிக்கையை ஓடிய மணி நேரத்தோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். மணி நேரம் மட்டும் இருக்கும் பதிவேடு பாதிப் பதிவேடு.

ஜெனரேட்டர் பேரிங்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மின்சாரத்தை மின்தொகுப்புக்கு ஏற்ப மாற்றும் கன்வெர்ட்டரிலிருந்து வரும் மின்னழுத்தம் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்குள் பொறியாகப் பாய்கிறது. வளையத்தில் துணி துவைக்கும் பலகை போல வரிவரியாகக் கோடு விழுந்திருந்தால் அது கிரீஸ் பிரச்சினை இல்லை, எர்த்திங் பிரச்சினை. ஷாஃப்ட்டின் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் பிரஷ்ஷைப் பாருங்கள். மின்சாரம் கடக்காத செராமிக் பூச்சுள்ள பேரிங் போடச் சொல்லுங்கள்.

தண்ணீரும் மண்ணும் கடைசி எதிரிகள். கியர் எண்ணெயில் பத்து லட்சத்தில் நூறு பங்கு தண்ணீர் இருக்கும்போது கிடைக்கும் பேரிங் ஆயுள், நானூறு பங்கானால் பாதிக்கும் கீழே போய்விடும் என்பது 1970-களிலேயே சோதித்த விஷயம். கண்ணுக்கு எண்ணெய் தெளிவாகவே தெரியலாம். மண் உங்கள் பக்கம் பரவாயில்லை. ராதாபுரம், சாத்தான்குளம் தேரிக்காட்டுப் பக்கம் நிற்கும் மெஷின்களின் பாடு வேறு. அந்தச் செம்மணலில் உள்ள குவார்ட்ஸ் பேரிங் உருக்கைவிடக் கடினமானது. சீல் கிழிந்தால் ஒரு காற்றுக் காலமே போதும்.

உங்கள் விஷயத்தில் இப்போது செய்ய வேண்டியது: பழைய பேரிங்கைக் கழற்றியதும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப விடாதீர்கள். எந்த வரிசை போயிருக்கிறது, வளையத்தில் எந்தப் பக்கம், சாம்பல் திட்டா, சமஇடைவெளித் தழும்பா, ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்ததா என்று படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் கிரீஸில் ஒரு டப்பா எடுத்து இரும்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஆய்வகத்தில் பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கத்துப் பின்வரிசையில் மட்டும் திட்டும் தேய்மானமும் இருந்தால், அதே வகை பேரிங்கை அப்படியே திரும்பப் போடுவது பணத்தை அங்கேயே கொட்டுவதுதான். மேம்படுத்திய வளைவும் பூச்சும் உள்ள மாற்று உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கழற்றி மாட்டும்போதே கிரீஸ் குழாய்களையும் சீலையும் புதிதாக்கிவிடுங்கள், அதற்கென்று இன்னொரு தடவை யாரும் மேலே ஏறப் போவதில்லை. மெயின் பேரிங் கால் ஹெர்ட்ஸில் சுற்றுவதால் சாதாரண அதிர்வுக் கருவி அதன் பழுதைப் பெரும்பாலும் தாமதமாகத்தான் பிடிக்கும். ஆகவே இனி ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ் மாதிரி எடுப்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கிரேன் வேலையைப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். வைகாசிக்குத் தள்ளிப்போனால் ரோட்டரை இறக்கக் காற்று விடாது. கிரேனுக்கு நாள் வாடகையும் ஏறும், பக்கத்து மெஷினெல்லாம் யூனிட் கொட்டும்போது உங்களுடையது நிற்கும்.